காப்புரிமையின் மதிப்பெண்ணும் சந்தை விலையும்

காப்புரிமைப் பகுப்பாய்வு மென்பொருள்கள் ஒவ்வொரு காப்புரிமைக்கும் ஒரு மதிப்பெண் தருகின்றன. பின்வந்த காப்புரிமைகள் அதை எத்தனை முறை மேற்கோள் காட்டியுள்ளன, எத்தனை நாடுகளில் பதிவாகியிருக்கிறது, புதுப்பிப்புக் கட்டணம் தவறாமல் செலுத்தப்படுகிறதா என்பனவே பெரும்பாலும் அதன் அடிப்படை. தொழில்நுட்ப முக்கியத்துவத்தைக் கணிக்க இது உதவும். இதையே சந்தை விலையாகக் கொள்ள முடியாது என்பது என் வாதம்.

மேற்கோளுக்கு மதிப்புண்டு என்பது வெறும் நம்பிக்கையன்று. சி.டி. ஸ்கேன் கருவிகளின் காப்புரிமைகளை ஆராய்ந்து பொருளியலாளர் மானுவேல் டிராட்டன்பெர்க் 1990-இல் அதை நிறுவினார். 2005-இல் அவர் ஹால், ஜாஃபே ஆகியோருடன் வெளியிட்ட ஆய்வு, ஒரு நிறுவனத்தின் காப்புரிமைகளுக்குச் சராசரியாக ஒரு மேற்கோள் கூடினால் அதன் சந்தை மதிப்பு ஏறத்தாழ 3 விழுக்காடு உயர்வதாகக் கண்டது. ஆனால் இது பல நிறுவனங்களின் சராசரி. கையிலுள்ள ஒற்றைக் காப்புரிமையின் விலையை இதிலிருந்து பெற இயலாது. மேலும், அமெரிக்கக் காப்புரிமைகளில் கணிசமான மேற்கோள்களைச் சேர்ப்பவர்கள் கண்டுபிடிப்பாளர்கள் அல்லர், காப்புரிமை அலுவலக ஆய்வாளர்கள்.

கோடாக் நிறுவனத்தின் 6,292,218 எண் காப்புரிமையைப் பார்ப்போம். கேமராத் திரையில் காட்சி குறைந்த தெளிவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பொத்தானை அழுத்தினால் முழுத் தெளிவில் படம் பதிவாகும் முறை அது. இதை முன்வைத்துத் தொடுத்த வழக்குகளுக்குப் பின் சாம்சங்கும் எல்ஜியும் சேர்ந்து 90 கோடி டாலருக்கு மேல் உரிமக் கட்டணம் செலுத்தின. 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்பு கோரியது. அதன் சுமார் 1,100 எண்மப் படக் காப்புரிமைகள் 221 முதல் 257 கோடி டாலர் வரை பெறும் என்று 284 பார்ட்னர்ஸ் என்ற மதிப்பீட்டு நிறுவனம் கணித்திருந்தது. அவ்வாண்டு ஜூலையில், ஆப்பிளுக்கும் பிளாக்பெர்ரி தயாரிப்பாளருக்கும் எதிரான வழக்கில், அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம் அக்காப்புரிமையின் 15-ஆம் உரிமைக்கோரல் (பாதுகாப்பின் எல்லையை வரையறுக்கும் கூற்று) செல்லாது என்று முடிவு செய்தது. டிசம்பரில் மொத்தத் தொகுப்பையும் சுமார் 52.5 கோடி டாலருக்கு விற்க ஒப்பந்தமானது. தீர்ப்புக்கு முந்தைய நாளும் மறுநாளும் அந்தக் காப்புரிமையின் மேற்கோள் எண்ணிக்கையில் மாற்றமில்லை. மாறியது உரிமைக்கோரலின் வலு. வாங்கும் தரப்பிலும் ஆப்பிள், கூகுள், சாம்சங் உள்ளிட்டோர் ஒரே கூட்டணியாக வந்தனர். விற்பவரோ கடன் கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருந்தார்.

அதற்கு ஓராண்டுக்கு முன், 2011-இல் நடந்த தொலைத்தொடர்பு நிறுவனமான நார்டெலின் காப்புரிமை ஏலமும் திவால் விற்பனைதான். அங்கே கூகுளும் ஆப்பிள் இடம்பெற்ற அணியும் எதிரெதிரே நின்றதால் சுமார் 6,000 காப்புரிமைகள் 450 கோடி டாலருக்குப் போயின. போட்டியாளர்கள் கைகோப்பார்களா மோதுவார்களா என்பதை எந்தத் தரவுத்தளமும் முன்கூட்டிச் சொல்லாது.

ஆயிரம் காப்புரிமைகளிலிருந்து ஊன்றிப் படிக்கத்தக்க ஐம்பதைப் பிரித்தெடுப்பதே இக்கருவிகளின் உண்மையான பயன். அது பெரும் பயனும்கூட. அந்த ஐம்பதின் உரிமைக்கோரல்களைப் பொறியாளரும் வழக்கறிஞரும் சேர்ந்து சொல் சொல்லாகப் படிக்க வேண்டும். மதிப்பீட்டு அறிக்கை ஒற்றை எண்ணை விடுத்து விலை வரம்பைத் தர வேண்டும். நிலுவையிலுள்ள ஒவ்வொரு வழக்கும் எப்படி முடிந்தால் அந்த வரம்பு எவ்வளவு நகரும் என்பதையும் கூடவே அச்சிட வேண்டும்.