கல்பாக்கத்தில் ஒரு வால்வு

எங்கள் செல்லூரில் ஒரு காலத்தில் பந்தல்குடி வாய்க்காலைப் பார்த்தே சாயப்பட்டறையில் அன்றைக்கு என்ன நூல் முக்கினார்கள் என்று சொல்லிவிடலாம். ஒரு நாள் சிவப்பு, மறுநாள் கத்திரிப்பூ நிறம். நிறம் கண்ணில் பட்டதால்தான் தெருக்காரர்கள் மனு எழுதினார்கள். நிறமும் வாடையும் இல்லாத கழிவு ஓடியிருந்தால் யார் மனு எழுதியிருப்பார்கள் என்று நான் நினைப்பதுண்டு.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பூகோள வகுப்பில் லுவார் நதியின் கிளையாறுகளை மனப்பாடம் செய்தோம். கிளையாற்றுக்கு 'அஃப்ளுயான்' என்று பெயர். ஆலையிலிருந்து வெளியேறும் கழிவுநீர் 'எஃப்ளுயான்'. உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம். கல்பாக்கத்தில் நடந்ததை நினைக்கும்போதெல்லாம் இந்த ஓரெழுத்து ஞாபகம் வரும்.

அணு உலையில் எரிந்து முடிந்த யுரேனியத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, புளூட்டோனியத்தையும் மிஞ்சிய யுரேனியத்தையும் பிரித்தெடுப்பது மறுசுத்திகரிப்பு. கல்பாக்கத்தில் இதற்கான ஆலை 1998-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பிரித்த பிறகு மிச்சமாகும் திரவத்தில் சீசியம், ஸ்ட்ரான்சியம் போன்றவை இருக்கும். இவற்றின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 30 ஆண்டுகள் ஆகும். இதுதான் உயர்கதிர்வீச்சுக் கழிவு. இதை எவர்சில்வர்த் தொட்டிகளில் வைத்திருந்து, பிறகு கண்ணாடியோடு சேர்த்து உருக்கிக் கட்டியாக்குவார்கள். தரை கழுவிய நீர், துணி துவைத்த நீர் போன்ற குறைகதிர்வீச்சுக் கழிவுக்கு வேறு வழி. ரசாயனம் போட்டுப் படியவைத்து, வடிகட்டி, நிறைய நீரோடு கலந்து கடலில் விடுவார்கள். கடல் இல்லாத ராஜஸ்தான் அணுமின் நிலையத்தில் உப்பளம் மாதிரி வெயிலில் ஆவியாக்கும் வழக்கமும் உண்டு.

ஆக, இரண்டு திரவமும் இரண்டு பாதை. இரண்டும் ஒன்றோடொன்று சேரவே கூடாது.

2003 ஜனவரி 21 அன்று சேர்ந்துவிட்டன. ஒரு வால்வு பழுதாகி, உயர்கதிர்வீச்சுக் கழிவு குறைகதிர்வீச்சுத் தொட்டிக்குள் புகுந்தது. தொட்டிப் பகுதியில் மாதிரி எடுக்கப் போன ஊழியர்களுக்கு இது தெரியாது. வழக்கமான குறைகதிர்வீச்சுக் கழிவு என்று நினைத்துத்தான் எடுத்தார்கள். அந்த இடத்தில் கதிர்வீச்சைக் காட்டும் கருவி இல்லை, வால்வு பழுதானதை அறிவிக்க ஏற்பாடும் இல்லை. மாதிரியைச் சோதனைக்குக் கொண்டுபோன பிறகே விஷயம் புரிந்தது. ஆறு பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்கள் மேல் பட்ட அளவு 280 முதல் 420 மில்லிசீவர்ட் வரை. ஊழியர் ஒருவருக்கு ஆண்டுச் சராசரி 20-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி.

ஊழியர்கள் பேட்ஜ் அணியவில்லை என்று நிர்வாகத் தரப்பில் ஒரு குறை சொன்னார்கள். அது என்ன நியாயமோ! பேட்ஜ் என்பது நான் உத்தியோகத்தில் பார்த்த செலவுக் கணக்கு மாதிரி. பணம் போன பிறகு எவ்வளவு போயிற்று என்று சொல்லும், போகாமல் தடுக்காது.

பாபா அணுசக்தி ஆய்வு மைய ஊழியர் சங்கம் சில நாட்களிலேயே பாதுகாப்புக் கோரிக்கைகளை எழுத்தில் கொடுத்தது. முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்பது அதில் ஒன்று. பிறகு வேலைநிறுத்தம். முன்னால் நின்ற சிலருக்கு இடமாற்றம். அரசு உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இந்த வரிசையை விளக்க வேண்டியதில்லை. நமக்கெல்லாம் விஷயம் தெரிந்தது ஜூலை, ஆகஸ்டில்தான். பத்திரிகைகளில் வந்த பிறகு, மையத்தின் இயக்குநர் பட்டாச்சார்ஜி, இந்திய அணுத்துறையில் ஊழியர்கள் கதிர்வீச்சுக்கு ஆளான சம்பவங்களில் இதுதான் மிக மோசமானது என்று ஒப்புக்கொண்டார். அரை வருடம் ஒரு கோப்பு எங்கே தூங்கியது?

அதற்கு முன் 1999 மார்ச் 26-ல் அதே கல்பாக்கத்தில், மின் நிலையத்தின் இரண்டாம் உலையில் குழாய்களைச் சோதிக்கும்போது அடைப்பான் நழுவி, டன் கணக்கில் கனநீர் கொட்டியது. கனநீர் விலை உயர்ந்தது என்பதால் அதைக் கொட்டிவிட முடியாது. ட்ரிட்டியம் கலந்த அந்த நீரை ஆட்கள் இறங்கித்தான் சேகரித்தார்கள்.

அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்ட் உலை 1979-ல் உருகியபோது இன்னொரு விதமாக நடந்தது. அங்கே தேங்கிய நீரை சஸ்குவஹன்னா ஆற்றில் விடக் கூடாது என்று, அந்த ஆற்று நீரைக் குடிக்கும் லங்காஸ்டர் நகரம் கோர்ட்டுக்குப் போனது. சீசியத்தை ஜியோலைட் என்ற கனிமத்தில் பிடித்தார்கள். மிச்சமிருந்த சுமார் 87 லட்சம் லிட்டரை 1991 முதல் 1993 வரை ஆவியாக்கினார்கள். ஆற்றில் விடவில்லை. ஃபுகுஷிமாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டிகளில் சேர்த்துவைத்த நீரை 2023 ஆகஸ்ட் 24 முதல் கடலில் விடுகிறார்கள். ட்ரிட்டியத்தை வடிகட்ட முடியவில்லை. நீர்த்துப்போகச் செய்துதான் விடுகிறார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள், அண்டை நாடுகள் எதிர்த்தன. சரியோ தவறோ, விடும் தேதியும் அளவும் முன்கூட்டியே ஊருக்குத் தெரியும்.

கல்பாக்கத்து ஊழியர்கள் அன்று மாதிரிப் புட்டியைக் கையில் எடுத்தபோது, உள்ளே இருந்த திரவம் தண்ணீர் மாதிரிதான் இருந்திருக்கும்.