மறுபகுப்பாய்வும் மலாக்கா நீரிணைக் காற்றும்

வீசி மறைந்த காற்றின் வரலாற்றை நாம் எவ்வாறு அறிகிறோம்? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூபோர்ட் காற்றின் வலிமையை எண்களால் குறிக்கும் முறையை வகுத்தார். கப்பற்குறிப்பேடுகள் காற்றின் ஆவணங்களாயின. பின்னர் 10 மீட்டர் உயரக் கம்பத்தில் பொருத்திய காற்றுமானி அப்பணியை ஏற்றது. ஆயினும் அளவீடற்ற இடங்கள் மிகப் பல.

அவ்வெற்றிடத்தை நிரப்பவே மறுபகுப்பாய்வு தோன்றியது. பழைய அளவீடுகளை இன்றைய கணினி வானிலை மாதிரியோடு இணைத்துக் கடந்தகால வானிலையை மீட்டமைக்கும் முறை இது. 1996இல் அறிமுகமான அமெரிக்கத் தொகுப்பின் கட்டம் 2.5 பாகை அகலமுடையது. ஐரோப்பிய மையத்தின் 'ஈஆர்ஏ5' அதனை 31 கிலோமீட்டராகச் சுருக்கியது. ஐரோப்பாவுக்கான வட்டாரத் தொகுப்பு 'செர்ரா' 5.5 கிலோமீட்டரை எட்டியது.

நம் நிலை என்ன? சிங்கப்பூரின் கிழக்கு மேற்கு நீளம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். 31 கிலோமீட்டர்க் கட்டத்தில் நிலமும் கடலும் கலந்துவிடுகின்றன. விடியற்காலையில் நீரிணையைக் கடந்துவரும் சுமத்ரா சூறைக்காற்றின் வீச்சு மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை எழும். சிறிது நேரமே நீடிக்கும் அவ்வுச்சம் கட்டத்தின் சராசரியில் தணிந்துவிடுகிறது.

ஆதலால் மாதச் சராசரி பொருந்துவது மட்டும் போதிய சான்றாகாது. சராசரி வேறுபாடு, ஏற்ற இறக்கங்களின் ஒத்திசைவு, உச்ச வேகம் ஆகியவற்றைத் தனித்தனியே சோதித்தல் வேண்டும். தொகுப்பை உருவாக்கப் பயன்படாத நிலையங்களின் அளவீடுகளே அதற்கு நடுநிலைச் சாட்சி. அக்கம்பங்களை நாம் அகற்றினால், மீட்டமைத்த வரலாற்றின் பிழையைக் காணும் கண்ணையும் இழப்போம்.