குழந்தையின் நலனும் தன்பால் இணையரின் விவாக உரிமையும்

ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவர் விவாகம் செய்துகொள்ளலாமா என்ற வினாவுக்கு இசைவாகத் தலையசைப்பவர்களுள் பலர், அவர்கள் குழந்தைகளை வளர்க்கலாமா என்ற அடுத்த வினா எழுந்தவுடன் தயங்கிப் பின்வாங்குகிறார்கள். வயது வந்த இருவர் தம் மனம் விரும்பியவாறு வாழ்வது அவர்களைப் பொறுத்த விஷயம். தன் சார்பில் பேச இயலாத சிசு ஒன்றை அவ்வாழ்க்கைக்குள் கொண்டுவருவதோ சமுதாயம் முழுவதையும் பொறுத்த விஷயம் என்பது அவர்கள் எடுத்துரைக்கும் நியாயம். இதனை வெறும் துவேஷம் என்று ஒதுக்கிவிடுவது அறிவுடைமையாகாது. குழந்தையின் நலனை எல்லாவற்றுக்கும் மேலாக வைக்க வேண்டும் என்ற உயர்ந்த கொள்கையிலிருந்தே அது பிறக்கிறது. அக்கொள்கையை நானும் முழு மனத்துடன் ஏற்கிறேன். அதனையே அளவுகோலாகக் கொண்டு நம் நாட்டுச் சட்டத்தின் இன்றைய நிலையைப் பரிசீலித்தால், தன்பால் இணையரின் விவாகத்தை மறுப்பதற்கு அன்று, அங்கீகரிப்பதற்கே அது வலுவான ஆதாரமாகிறது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு

1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் ஆங்கில ஆட்சியாளர் புகுத்திய 377-ஆம் பிரிவு, வயது வந்தோர் இருவரின் மனமொத்த உறவைப் பொறுத்தவரையில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. குற்றவாளி என்ற பழி நீங்கிய பின்னர், குடிமகனுக்குரிய ஏனைய உரிமைகளைக் கோருவது இயல்பான அடுத்த படியாயிற்று. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ்த் தம் விவாகங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்ற மனுக்களை ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு 2023 ஏப்ரல் 18 முதல் பத்து நாள் விசாரித்தது. பிரம்ம சமாஜத்தாரின் முயற்சியால் 1872-இல் பிறந்த சட்டத்தின் வழித்தோன்றலே இந்தச் சிறப்புத் திருமணச் சட்டம். குலமும் சமயமும் விதித்த வரம்புகளுக்கு வெளியே மணம் புரிய விரும்பியவர்களுக்காகவே ஏற்பட்ட அச்சட்டத்தின் வாயிலில், அவ்வரம்புகளால் வெளியே நிறுத்தப்பட்ட மற்றொரு சாரார் வந்து நின்றது பொருத்தமே.

2023 அக்டோபர் 17 அன்று தீர்ப்பு வெளியாயிற்று. விவாகம் செய்துகொள்வது அரசியல் சாசனம் அளிக்கும் அடிப்படை உரிமை அன்று என்பதிலும், சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் பொறுப்பு என்பதிலும் ஐவரும் ஒன்றுபட்டனர். தத்தெடுக்கும் உரிமையைப் பற்றிய அபிப்பிராயம் மட்டும் பிளவுபட்டது. மணமாகி ஈராண்டுகளேனும் நிலைத்த தாம்பத்திய வாழ்வு நடத்தியிருந்தாலன்றித் தம்பதியர் குழந்தையைத் தத்தெடுக்க இயலாது என்று விதிக்கும் 2022-ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின் 5(3)-ஆவது விதி, மூலச் சட்டத்தையும் சமத்துவ உரிமையையும் மீறுகிறது என்று தலைமை நீதிபதி டி. ஒய். சந்திரசூட் கருதினார், நீதிபதி எஸ். கே. கவுல் அவருடன் இணங்கினார். நீதிபதிகள் எஸ். ரவீந்திர பட், ஹிமா கோலி, பி. எஸ். நரசிம்மா ஆகிய மூவரும் அவ்வாறு கொள்ளவில்லை; அவர்களுடைய முடிவே பெரும்பான்மை முடிவாயிற்று. மறுபரிசீலனை மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.

ஏட்டில் ஒருவர், வீட்டில் இருவர்

மூவரின் தர்க்கம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. தன்பால் இணையர் குழந்தை வளர்க்கத் தகுதியற்றவர் என்று அவர்கள் கூறவில்லை. விவாக பந்தம் முறியுமாயின் குழந்தைக்கு ஜீவனாம்சமும் பாதுகாப்பும் கிடைக்கச் சட்டத்தில் ஏற்பாடுகள் உள்ளன. மணமாகாத இணையர் பிரிந்தால் அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. ஆகவே கூட்டாகத் தத்தெடுக்கும் உரிமையை மணமானவர்களோடு நிறுத்திக்கொள்வது குழந்தையின் நலனுக்கு உகந்ததே என்பது அவர்கள் வாதத்தின் சாரம். மணம் குழந்தைக்குக் கவசம் என்ற இந்த வாதத்தின் அடிப்படை முற்றிலும் சரியானது. ஆனால் அதே தீர்ப்பு அக்கவசத்தை அணிவிக்கும் வழியையும் அடைத்துவிடுகிறது. விவாகம் கேட்பவர்களிடம் அது நாடாளுமன்றத்தின் விஷயம் என்றும், குழந்தை கேட்பவர்களிடம் விவாகம் இல்லையே என்றும் பதில் கூறப்படும்போது, ஒரு மறுப்பு மற்றொரு மறுப்பின் மீது சாய்ந்து நிற்கிறதே அன்றித் தனக்கென்று சொந்தக் காலைப் பெற்றிருக்கவில்லை.

இனி, நடைமுறையில் சட்டம் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்று பார்ப்போம். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 57-ஆம் பிரிவில், மணமாகாத தனி ஒருவரும் தத்தெடுக்கலாம் என்று வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. தனித்து வாழும் ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்கக் கூடாது என்பது மட்டுமே பாலினத்தை ஒட்டி அது இடும் வரம்பு. ஆகவே, பெண்ணொருத்தி தனி நபர் என்ற முறையில் விண்ணப்பித்து, உரிய பரிசீலனைகளுக்குப் பின் குழந்தை ஒன்றைப் பெற்று, பின்னர் தன் துணைவியுடன் ஒரே கூரையின் கீழ் வாழ்வதற்கு அச்சட்டத்தில் தடையில்லை. முன்பு ஓர் ஆடவனை மணந்து குழந்தை பெற்று, பின்னர் பிரிந்து வந்து, மற்றொரு பெண்ணுடன் வாழ்பவர்களும் உண்டு. சட்டம் விரும்பினும் விரும்பாவிடினும் இத்தகைய இல்லங்களில் குழந்தைகள் வளரவே செய்வர். அவர்கள் வளர்வதைத் தடுக்கும் ஆற்றல் அம்மறுப்புக்கு இல்லை; அவர்களுடைய இரண்டாவது பெற்றோரைச் சட்டத்தின் கண்ணிலிருந்து மறைத்துவிடும் ஆற்றல் மட்டுமே உண்டு.

அதன் விளைவு யாரைத் தாக்குகிறது என்பதே நாம் சிந்திக்க வேண்டியது. நள்ளிரவில் ஜன்னி கண்ட குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றவர், பத்தாண்டுகள் அதற்குச் சோறூட்டியவராயினும், அறுவைச் சிகிச்சைக்கான சம்மதப் பத்திரத்தில் பெற்றோர் என்ற தகுதியில் கையொப்பமிட இயலாதவராகிறார். ஏட்டில் பெற்றோராக உள்ளவர் இறந்துபட்டால், எஞ்சியவர் தாம் வளர்த்த குழந்தையின் மீது உரிமை கோர வழக்காட வேண்டியவராகிறார். எஞ்சியவர் உயில் எழுதாது இறந்தால், அவருடைய சொத்து, தாம் பல்லாண்டுகள் முகம் பாராத உறவினரைச் சென்றடையுமே தவிர அக்குழந்தையை வந்தடையாது. இருவரும் மனம் வேறுபட்டுப் பிரிந்தாலோ, ஏட்டில் இல்லாதவரிடம் ஜீவனாம்சம் கேட்கக் குழந்தைக்கு வழியில்லை. அவரும் குழந்தையைப் பார்க்க உரிமை கோர இயலாது. உயிலும் ஒப்பந்தமும் எழுதி இவற்றுள் சிலவற்றைச் சரிசெய்துகொள்ளலாம் என்பர். பத்திரங்கள் சொத்தைச் சேர்க்கலாம். பெற்றோர் என்ற கடமையைச் சிருஷ்டிக்க அவற்றால் ஆகாது. விவாகத்தை மறுப்பதால் இணையர் இருவரும் படும் துன்பம் பெரிது. ஆயினும் எக்குற்றமும் செய்யாத குழந்தை இழப்பது அதனினும் பெரிது.

பெற்றோரின் உறவைப் பற்றிய அபிப்பிராய பேதத்துக்குக் குழந்தையைப் பலியிடலாகாது என்பது நம் சட்டத்துக்குப் புதிய கொள்கையும் அன்று. இந்துத் திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், செல்லாத மணத்தில் பிறந்த குழந்தையையும் சட்டப்படியான குழந்தையாகவே கொள்கிறது. அக்குழந்தைகளுக்குப் பெற்றோரின் சொத்தில் உள்ள உரிமையை 2023 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் விரிவாக விளக்கி உறுதிசெய்தது. மணமாகாத தாய், தந்தையின் பெயரை வெளியிடாமலேயே தன் குழந்தைக்குத் தனிக் காப்பாளராகலாம் என்று 2015-இல் அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது. செல்லாத மணத்தின் குழந்தைக்கே இவ்வளவு பரிவு காட்டும் சட்டம், மணம் புரியவே அனுமதி பெறாதவர்களின் குழந்தைக்கு மட்டும் முகம் திருப்பிக்கொள்வதற்கு என்ன நியாயம் கூற இயலும்?

ஆட்சேபங்களும் ஆராய்ச்சிகளும்

தாயும் தந்தையும் ஆகிய இருவரின் அரவணைப்பும் இன்றிக் குழந்தையின் மனம் முழுமையாக மலராது என்பது முதல் ஆட்சேபம். இது அனுமானத்தால் தீரும் விஷயமன்று. ஆராய்ந்து அறிய வேண்டிய விஷயம். அமெரிக்க மனநல மருத்துவர் நானெட் கார்ட்ரெல் 1986-இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, பெண் இணையருக்குப் பிறந்த குழந்தைகளைக் கருவிலிருந்தே பின்தொடர்ந்து, அவர்கள் பதினேழு வயதை எய்தியபோது, ஏனைய பிள்ளைகளினும் எவ்விதத்திலும் பின்தங்காது வளர்ந்திருப்பதை 2010-இல் வெளியிட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2002-இல் இரண்டாவது பெற்றோர் தத்தெடுப்பதையும், 2013-இல் தன்பால் இணையரின் விவாகத்தையும் குழந்தைகளின் நலன் கருதியே ஆதரித்தது. தொடக்க கால ஆய்வுகள் பல சிறு எண்ணிக்கையினரையும், தாமாக முன்வந்தோரையும் கொண்டவை என்ற குறையை மறைக்க வேண்டியதில்லை.

எதிர்த் தரப்பின் ஆய்வும் அதே உரைகல்லில் உரைக்கப்பட வேண்டும். டெக்ஸாஸ் பல்கலைக்கழகச் சமூகவியலார் மார்க் ரெக்னெரஸ் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய பிள்ளைகள் பல வகையிலும் இடர்ப்படுவதாகக் கூறிற்று. ஆனால் பெற்றோருள் ஒருவர் எப்போதேனும் தன்பால் உறவு கொண்டிருந்தால் போதும் என்ற அளவில் பிள்ளைகளை அவர் வகைப்படுத்தினார். அவர்களுள் பெரும்பாலோர் முறிந்துபோன ஆண்-பெண் மணங்களின் பிள்ளைகள். அவர்களைக் குலையாத குடும்பங்களின் பிள்ளைகளோடு ஒப்பிட்டதால், அவ்வாய்வு அளந்தது குடும்பம் குலைந்ததன் துயரத்தையே ஆகும். இந்த ஆய்வு மிச்சிகன் மாநிலத்தில் நேரடிச் சோதனைக்கு உள்ளாயிற்று. உடற்குறையுடனும் நோயுடனும் கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்துவந்த செவிலியர் இருவர், தனித்தனியே தத்தெடுத்த பிள்ளைகளுக்கு இருவரும் சேர்ந்து பெற்றோராக வேண்டி 2012-இல் வழக்குத் தொடுத்தனர். விவாகத் தடையே அதற்கு இடையூறு என்பதால் அத்தடையையும் எதிர்க்கலாமென நீதிபதி பெர்னார்டு ஃபிரீட்மன் எடுத்துக்காட்ட, வழக்கு விரிந்தது. இருதரப்பு நிபுணர்களையும் நீதிமன்றத்தில் விசாரித்து, ரெக்னெரஸின் சாட்சியம் ஏற்கத் தக்கதன்று என்று ஒதுக்கி, 2014 மார்ச்சில் தடையை அவர் நீக்கினார். மேல்முறையீட்டில் தோற்ற அவ்வழக்கு, 2015 ஜூன் 26 அன்று அமெரிக்கா முழுவதற்கும் விவாக உரிமையை நிலைநாட்டிய தீர்ப்பின் ஓர் அங்கமாயிற்று. தத்துப் பிள்ளைகளின் பொருட்டுத் தொடங்கிய வழக்கே விவாக உரிமையில் சென்று முடிந்தது என்பதை நம்மவர் மனங்கொள்ள வேண்டும்.

ஊரார் ஏளனத்தால் குழந்தை புண்படும் என்பது இரண்டாவது ஆட்சேபம். ஏளனம் உண்மை; அதன் வடுவும் உண்மை. ஆனால் ஏளனம் செய்பவரைத் திருத்தாமல், ஏளனத்துக்கு ஆளாகும் குடும்பத்தைக் கலைப்பது நீதியாகுமா? வெள்ளையினத் தாய் கறுப்பினத்தவர் ஒருவரை மணந்ததால் அவள் குழந்தை சமுதாயத்தில் இழிவுபடும் என்று கூறி, குழந்தையை அவளிடமிருந்து பிரித்த ஃபுளோரிடா மாநில நீதிமன்றத்தின் ஆணையை, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-இல் ஒருமனதாக ரத்துசெய்தது. சமுதாயத்தின் துவேஷத்தை ஒழிக்கச் சட்டத்தால் இயலாமற்போகலாம். அதற்கு அதிகாரம் வழங்கச் சட்டத்துக்கு உரிமையில்லை என்பது அத்தீர்ப்பின் சித்தாந்தம். கலப்பு மணத்தில் பிறந்த எத்தனையோ பிள்ளைகள் நம் ஊர்களிலும் இதே சொல்லம்புகளைத் தாங்கியே வளர்ந்தார்கள். அதற்காகக் கலப்பு மணத்தை நாம் தடைசெய்யவில்லை.

பிற நாடுகளின் அனுபவம்

விவாகத்தையும் குழந்தையையும் பிரித்து, ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மறுக்கலாம் என்று எண்ணிய நாடுகளின் வரலாறு நமக்குப் பயன்படும். டென்மார்க் 1989-இல் தன்பால் இணையரைப் பதிவு செய்துகொள்ள இடமளித்தபோது கூட்டாகத் தத்தெடுக்கும் உரிமையை விலக்கி வைத்தது. 2010-இல் அதனை அளிக்க நேர்ந்தது. தைவான் 2019 மே மாதத்தில் விவாக உரிமையை வழங்கி, துணைவரின் சொந்தக் குழந்தையை மட்டுமே தத்தெடுக்கலாம் என்ற வரம்பு விதித்தது. நான்காண்டுகளில் அவ்வரம்பு நீங்கிற்று. தென்னாப்பிரிக்காவில் குழந்தையே முந்திற்று. இருவர் சேர்ந்து வளர்த்துவந்த குழந்தைகளுக்கு ஒருவர் மட்டுமே சட்டப்படி பெற்றோராக இருந்த வழக்கில், அரசியல் சாசன நீதிமன்றம் 2002-இல் கூட்டுத் தத்துரிமையை அளித்தது. 2006-இல் விவாக உரிமை பின்தொடர்ந்தது. எவ்வழியே சென்றாலும் அந்நாடுகள் ஈற்றில் ஒரே இடத்தை அடைந்திருக்கின்றன. இல்லத்தில் பிரிக்க முடியாதனவாக இருப்பவற்றை ஏட்டில் பிரித்து வைப்பது நெடுநாள் நிலைப்பதில்லை.

தமிழகத்தின் முன்னுதாரணம்

அயல்நாட்டுச் சரக்கு என்று இவ்வாதத்தைத் தள்ளிவிட நினைப்போர்க்கு நம் மண்ணிலேயே முன்னுதாரணம் உண்டு. 1928 முதல் பெரியார் நடத்திவைத்த சுயமரியாதைத் திருமணங்கள், புரோகிதரும் வேள்வித் தீயும் இன்றி, சுற்றமும் நட்பும் சூழ, இருவர் தம் இசைவை அறிவிப்பதையே விவாகமாகக் கொண்டன. சாஸ்திரம் விதித்த சடங்குகளோ நிறுவப்பட்ட வழக்காறோ இல்லாத அத்திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் எண்ணற்ற தம்பதியரின் நிலையும், அவர்தம் பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்கு உள்ளாயின. நீதிமன்றம் செய்ய மறுத்ததைச் சட்டமன்றம் செய்தது. அண்ணாவின் அரசு 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்னும் பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் அவை நடந்த நாள் முதலே செல்லுபடியாக்கி, அவற்றில் பிறந்த குழந்தைகள் சட்டப்படியான குழந்தைகளே என்றும் வகுத்தது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அன்று எழுந்த ஆட்சேபங்களும் இன்று கேட்பவையே: சம்பிரதாயம் சிதையும், குடும்பம் குலையும் என்றனர். இரண்டும் நிகழவில்லை, அக்குழந்தைகளுக்கு உரியது மட்டும் அவர்களை வந்தடைந்தது.

இந்த மரபு நம் நீதிமன்றங்களிலும் துளிர்த்திருக்கிறது. 2019 ஏப்ரலில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் எனப்படுவோருள் திருநங்கையும் அடங்குவர் என்று மதுரை அமர்வில் தீர்ப்பளித்தார். 2021-இல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி வந்த இரு பெண்களின் வழக்கில், அவர்களைப் போன்றோரைப் போலீசார் துன்புறுத்தாதிருக்க நெறிமுறைகளை வகுத்தார். 2025 மே மாதத்தில் நீதிபதிகள் ஜி. ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், குடும்பம் அமைப்பதற்கு விவாகம் ஒன்றே வழி அன்று என்று கூறி, தன்பால் இணையரும் குடும்பமாகலாம் என்பதை ஏற்றனர்.

முடிபு

ஆகவே செய்ய வேண்டுவன தெளிவானவை. மணமானவர் என்ற சொல்லைக் கொண்டு இரண்டாவது பெற்றோரை விலக்கும் 5(3)-ஆவது விதி திருத்தப்பட வேண்டும். முன்னரே ஒருவர் தத்தெடுத்த அல்லது ஈன்ற குழந்தையை அவருடைய துணைவரும் தத்தெடுக்க வழி வேண்டும். இவை நிறைவுபெற, மூன்று நீதிபதிகளும் குழந்தையின் கவசம் என்று போற்றிய விவாகமே இவ்விணையர்க்கும் கிடைக்க வேண்டும். விவாகமும் தத்தெடுப்பும் அரசியல் சாசனத்தின் பொதுப்பட்டியலில் ஐந்தாம் இனமாக உள்ளன. நாடாளுமன்றம் முன்வருமாயின் நன்று. வரத் தாமதிக்குமாயின், 1967-இல் செய்தது போலத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் திருத்தம் இயற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலை நாடலாம். அவ்வொப்புதல் எளிதில் கிட்டும் என்று நான் கூறவில்லை. கேட்கும் கடமை கிடைக்கும் உறுதியைச் சார்ந்ததன்று. பெற்றோர் யாரென்று தேர்ந்துகொண்டு எக்குழந்தையும் இவ்வுலகுக்கு வருவதில்லை. வந்த குழந்தையை அன்புடன் வளர்க்க இருவர் முன்வந்து, அதன் கடன் முழுவதையும் சட்டத்தின் முன் ஏற்கிறோம் என்று கூறும்போது, அவ்விருவரையும் அதற்குப் பொறுப்பாளராக்குவதே குழந்தையின் நலனில் மெய்யான சிரத்தை கொண்ட அரசு செய்யத் தக்கதாகும்.