சூரிய விளக்கும் தவணைக் கடனும்

அப்டன் பார்க்கில் வாடகை அறைகளில் வாழ்ந்த எம்மவர் மின்மானிச் சாவியை எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். கடைக்குச் சென்று அதில் ஐந்து பவுணோ பத்துப் பவுணோ ஏற்றிவந்தால் வீட்டில் வெளிச்சம். ஏற்றிய பணம் தீர்ந்தால் இருள். முற்பணம் செலுத்துபவருக்கே ஒளி என்னும் இவ்விதி இலண்டனுக்கு மட்டும் உரியதன்று. வறிய நாடுகளில் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் பெற மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் வரலாறும் இவ்விதியோடு நிகழ்ந்த போராட்டமே எனலாம். அதற்கு இலங்கைத்தீவு நல்லதோர் உதாரணமாகும்.

1990களின் நடுப்பகுதியில் இலங்கையின் வீடுகளில் ஏறத்தாழ அரைவாசிக்கு மின்சாரம் கிடைத்திருக்கவில்லை. வெயிலுக்கு எவரும் கட்டணம் அறவிடுவதில்லை. ஆயினும் தகடு, பற்றரி, விளக்குகள் ஆகியவற்றின் விலை, பல ஆண்டுகளின் மண்ணெண்ணெய்ச் செலவை ஒரே நாளில் கொண்டுவந்து வைக்குமாறு கேட்டது. மாதந்தோறும் சிறுதொகையே செலவிடக்கூடிய விவசாயி அப்பெருந்தொகைக்கு எங்கே போவார்? அவருக்குத் தேவைப்பட்டது தானமன்று, தவணை.

1997இல் உலக வங்கியின் 2 கோடியே 42 இலட்சம் டொலர் கடனோடும், உலகச் சுற்றாடல் நிதியத்தின் 59 இலட்சம் டொலர் நன்கொடையோடும் ஒரு திட்டம் ஆரம்பமாயிற்று. உள்ளூர் நிதிநிறுவனங்கள் மக்களுக்குக் கடன் வழங்க, அதன் பெரும்பகுதி திட்டத்திலிருந்து அவற்றுக்கு மீள்நிதியாகக் கிடைத்தது. தொடக்கத்தில் தகடு விற்ற கம்பனிகளே கடனும் கொடுக்க முனைந்து இடர்ப்பட்டன. தூரக் கிராமங்களில் தவணை அறவிடுவது வியாபாரிக்கு எளிதன்று. சர்வோதய இயக்கத்தின் கடன் நிறுவனமான ‘சீட்ஸ்’ இதில் இறங்கிய பின்னரே நிலைமை மாறியது. கிராமச் சங்கங்கள் வழியே கடன்பட்டவரை அறிந்து பழகிய நிறுவனம் அது. 2002இல் முதற்றிட்டம் நிறைவுற்றபோது 20,000 இற்கு மேற்பட்ட வீடுகள் சூரிய ஒளி பெற்றிருந்தன. அவ்வாண்டே தொடங்கிய அடுத்த திட்டம் அத்தொகையை ஒரு இலட்சத்துக்கு மேல் உயர்த்தியது.

இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. மின்சார சபையின் கம்பி ஊருக்குள் வந்ததும் பலர் தவணை செலுத்துவதை நிறுத்தினர். விளக்கின் பயன் போனபின் கடன் மட்டும் எதற்கு என அவர்கள் எண்ணினர். கடன் கொடுத்த நிறுவனம் நட்டத்தைச் சுமந்தது. கம்பி எவ்வூருக்கு எப்போது வரும் என்பதை அரசு முன்கூட்டித் தெளிவாகக் கூறியிருப்பின் இந்நட்டத்தின் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

அக்காலத்தில் எமது மண்ணின் நிலை என்ன? 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்குடாநாடு மின்சாரமின்றி இருண்டது. மண்ணெண்ணெய் அரிதாகியது, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். வெயில் குறையாத அந்த மண்ணில், பற்றரிக்கே தடை இருந்தபோது சூரிய விளக்குக்குத் தவணைக் கடன் என்பது நினைத்தும் பார்க்க முடியாததாக இருந்தது. கடன் அமைதியை நம்பியே நடமாடும் என்பதை எம்மவர் அனுபவத்தால் அறிவர்.

போர் முடிந்தபின் பெரும்பணம் வடக்கை நாடியது. மன்னாரில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் 20 கோடி டொலர் கடனில் அமைந்த காற்றாலைகள் 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான சூரிய, காற்று மின்திட்டமோ வேறு பாதையில் சென்றது. அவ்வங்கியின் உதவியோடு திட்டமிடப்பட்டு, 2021இல் சீன நிறுவனமொன்றுக்குத் தரத் தீர்மானிக்கப்பட்ட அத்திட்டம் இந்தியாவின் ஆட்சேபனையால் தடைப்பட்டது. 2022இல் அது இந்திய நன்கொடைத் திட்டமாக மாறி, 2024 மார்ச்சில் ஒப்பந்தமாயிற்று. இரு வல்லரசுகள் முரண்பட்டு நிற்க, தீவக மக்கள் காத்திருந்தனர். பணம் தருபவரே விளக்கு ஏற்றும் நாளையும் நிர்ணயிக்கிறார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இவ்வரலாறு எமக்கும் ஒரு பாடம் புகட்டுகிறது. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இங்கிருந்து பணம் சேர்த்து, ஊருக்குச் சூரியத் தகடு அனுப்ப முனைவதுண்டு. அது நற்பணியே. ஆனால் தகடு இருபது ஆண்டு உழைக்கும். பற்றரி சில ஆண்டுகளிலேயே ஓய்ந்துவிடும். அதை மாற்றுவதற்கான பணத்தை ஊரவர் மாதந்தோறும் சிறுகச் சேமிக்க ஒரு சங்கமும், கணக்கு வைக்க ஒருவரும் இல்லையெனில், நாம் அனுப்பிய தகடு கூரையில் கிடக்க, கீழே மீண்டும் மண்ணெண்ணெய் விளக்கே எரியும். சீட்டுப் பிடித்து வாழ்வை நிமிர்த்திய எமக்குத் தவணையின் அருமை தெரியாததன்று. அடுத்தமுறை பணம் சேர்க்கும்போது, தகட்டுக்கு ஒரு பங்கு ஒதுக்கினால் பற்றரிக்கும் ஒரு பங்கு ஒதுக்குவோமாக.