காசு யாருடையது, சிலை யாருடையது?

அடிமைமுறை ஒழிப்புக் காலத்துச் சிலைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். அடிமையாய் இருந்த மனுசன் பெரும்பாலும் முட்டி போட்டுத்தான் இருப்பான். இடுப்பில் ஒரு துண்டு, கையில் விலங்கு, கண் மேலே பார்க்கும். பக்கத்தில் வெள்ளைக்காரர் இருந்தால் நின்றிருப்பார். இல்லாவிட்டாலும் அந்தக் கும்பிடு அவருக்குத்தான்.

இதற்கான அச்சு 1787இல் இங்கிலாந்தில் தயாரானது. பீங்கான் தொழில் முதலாளி ஜோசையா வெட்ஜ்வுட், அடிமை வணிக ஒழிப்புச் சங்கத்துக்காகச் சின்னப் பதக்கம் ஒன்றைச் செய்துகொடுத்தார். சங்கிலி பூட்டிய கறுப்பு மனிதன் முட்டியை ஊன்றி, தானும் மனிதன், சகோதரன் இல்லையா என்று கேட்கிறான். சீமாட்டிகள் அதை வளையலிலும் கொண்டை ஊசியிலும் பதித்துப் போட்டுக்கிட்டாங்க. பிரச்சாரத்துக்கு அது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் 1791இல் ஹெய்ட்டியில் அடிமைகள் தாங்களாகவே எழுந்து, பிரெஞ்சுப் படையை விரட்டி, 1804இல் தனி நாடு கண்டார்கள். ஒழிப்பு இயக்கத்தின் சின்னமாக நிலைத்தது அவர்கள் இல்லை, கெஞ்சுகிறவன்தான்.

அமெரிக்காவுக்கு வருவோம். 1865 ஏப்ரலில் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். சார்லட் ஸ்காட் என்ற, அடிமையாய் இருந்து விடுதலை பெற்ற பெண், சுதந்திரமாகச் சம்பாதித்த முதல் காசிலிருந்து 5 டாலர் எடுத்துக் கொடுத்து, அவருக்கு நினைவுச்சின்னம் வைக்கச் சொன்னார். விடுதலை பெற்ற மக்களும் கறுப்புச் சிப்பாய்களும் பணம் போட்டார்கள். ஆனால் பணத்தை வைத்திருந்தது செயின்ட் லூயிஸ் நகரத்து வெள்ளைக் கனவான்களின் குழு. ஹாரியட் ஹாஸ்மர் என்ற சிற்பி, துப்பாக்கி ஏந்திய கறுப்புச் சிப்பாயும் இடம்பெறும் ஒரு திட்டம் கொடுத்தார். செலவு அதிகம் என்று அது நின்றுபோனது. தாமஸ் பால் செய்த உருவம் ஜெயித்தது: லிங்கன் நிற்கிறார், காலடியில் கறுப்பு மனுசன் முட்டி போட்டிருக்கிறான்.

அந்த முகம் ஆர்ச்சர் அலெக்சாண்டருடையது. மிசூரியில் அடிமையாய் இருந்தவர். தெற்கத்தி ஆதரவாளர்கள் பாலத்து மரங்களை அறுத்து வைத்திருப்பதை வடக்குப் படைக்குச் சொல்லி எச்சரித்துவிட்டுத் தப்பியவர் என்று அவர் வரலாற்றை எழுதியவர் சொல்கிறார். உயிரைப் பணயம் வைத்தவருக்குக் கிடைத்த இடம் இதுதான். அந்தப் போரில் ஏறக்குறைய 1,80,000 கறுப்பர்கள் வடக்குப் படையில் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்த வெண்கலத்தில் அவர்களில் ஒருவன்கூட இல்லை.

1876 ஏப்ரல் 14இல் வாஷிங்டனில் சிலை திறப்பு. பேசியவர் பிரடெரிக் டக்ளஸ். அவரும் அடிமையாய் இருந்து தப்பியவர். குடியரசுத் தலைவர் கிராண்ட் உட்கார்ந்திருந்த மேடையிலேயே, லிங்கன் முதன்மையாக வெள்ளையரின் தலைவர், நாங்கள் மாற்றாந்தாய்ப் பிள்ளைகள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். சில நாள் கழித்துப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். நாலுகால் பிராணி மாதிரி மண்டியிட்டவனை அல்ல, சொந்தக் காலில் நிற்கும் கறுப்பு மனிதனைச் சாவதற்கு முன் சிலையாகப் பார்க்க வேண்டும் என்றார். மறந்து கிடந்த அந்தக் கடிதம் 2020இல்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது.

அப்படி நிற்கும் மனிதனை அதற்கு ஒன்பது வருஷம் முன்பே ஒரு பெண் செதுக்கியிருந்தார். எட்மோனியா லூயிஸ்: அப்பா கறுப்பர், அம்மா ஒஜிப்வே பழங்குடி வழி வந்தவர். ரோமில் 1867இல் அவர் முடித்த சலவைக்கல் சிலையில் ஆண் அறுந்த சங்கிலியோடு கையை உயர்த்தி நிற்கிறான். பக்கத்தில் பெண் மட்டும் இன்னும் முட்டி போட்டிருக்கிறாள். விடுதலை வீட்டுக்குள் எவ்வளவு தூரம் வந்தது என்ற கேள்வியையும் அந்தக் கல் சேர்த்தே கேட்கிறது.

1974இல் அதே வாஷிங்டன் பூங்காவில் மேரி மெக்லியோட் பெத்யூனுக்குச் சிலை எழுந்தது. அடிமைகளாய் இருந்தவர்களின் மகள், பள்ளிக்கூடம் கட்டியவர். கறுப்புப் பெண்கள் அமைப்பு முன்நின்று வைத்த சிலை அது. பெத்யூன் நிற்கிறார். அவரைப் பார்க்கும்படி லிங்கன் சிலையைத்தான் திருப்பி வைத்தார்கள். பாஸ்டனில் இருந்த முட்டி போட்ட சிலையின் பிரதி 2020இல் அகற்றப்பட்டது. வாஷிங்டன் சிலையை எடுக்க வேண்டும் என்று அப்போது குரல் எழுந்தபோது, அது எங்க பாட்டன் பாட்டி காசு என்று தடுத்த கறுப்பர்களும் உண்டு. இரண்டு பேர் கோபமும் நியாயமானது. சார்லட் ஸ்காட்டிடம் 5 டாலரை வாங்கிக்கொண்டவர்கள், சிலையில் உன் ஆள் எப்படி இருக்கணும் என்று அவரைக் கேட்டிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது.