மைல்கல்லும் மாலை விளக்கும்

ஒரு குழந்தை, ஓர் ஆசிரியர். எழுத்தும் எண்ணும் கற்பிப்பதற்கு இதனினும் எளிய ஏற்பாடு இல்லை. நம் திண்ணைப் பள்ளிகளிலும் பிள்ளைகள் பலர் ஒருங்கே அமர்ந்திருந்தனரேனும், விரல் பிடித்து மணலில் எழுதுவித்த முதற்பாடம் தனித்தனியே நிகழ்ந்தது. வீட்டிற்கு ஆசிரியர் ஒருவரை அமர்த்திவிட்டால் பிள்ளையின் கல்வியைப் பற்றிய கவலை தீர்ந்தது என்று பெற்றோர் பலர் இன்றும் கருதுகின்றனர். அக்கருத்து எத்துணைப் பொருந்தும்? பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொல்கத்தாவில் பயின்ற இரு சிறுவர்களின் வரலாறு இதற்கு விடை கூறும். இருவரும் தம் இளமையைத் தாமே எழுதி வைத்துச் சென்றமை நமது நற்பேறு.

முதற் சிறுவன் ஈசுவரசந்திரன். பின்னாளில் வித்தியாசாகரர் எனப் புகழ்பெற்றவர். 1820இல் பீர்சிங்கா என்னும் சிற்றூரில் வறிய அந்தணக் குடும்பத்தில் பிறந்தார். 1828இல் தந்தை தாகூர்தாசுடன் கொல்கத்தாவுக்குக் கால்நடையாகப் புறப்பட்டார். சியாகாலா என்னுமிடத்தில் பெருஞ்சாலையை அடைந்ததும், வழியோரத்தில் அம்மிக்கல் போன்ற ஒன்று நாட்டப்பட்டிருக்கக் கண்டு, அஃது என்ன என்று வினவினார். தந்தையார் நகைத்து, “அது மைல்கல், இங்கிருந்து கொல்கத்தா பத்தொன்பது மைல் என்று ஆங்கில எண்ணில் பொறித்திருக்கிறது” என்று விளக்கினார். சிறுவன் அக்கல்லருகே சென்று ஒன்றும் ஒன்பதும் எவ்வாறு இருக்கும் என்று பார்த்துக்கொண்டான். நடக்க நடக்க எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து வந்தன. பத்தாம் கல்லை அடைந்தபோது, ஆங்கில எண்கள் எல்லாம் தெரிந்துவிட்டன என்றான்.

தந்தைக்கு ஓர் ஐயம் எழுந்தது. ஒன்பதுக்குப் பின் எட்டு என்னும் வரிசையைக் கொண்டே பிள்ளை ஊகித்துச் சொல்கிறானோ? ஆகவே ஆறாம் கல்லை அவன் காணாதபடி கடத்திவிட்டு, ஐந்தாம் கல்லைக் காட்டி வினவினார். “அப்பா, இஃது ஆறாக இருக்கவேண்டும், தவறாக ஐந்து என்று பொறித்துவிட்டார்கள்” என்றான் சிறுவன். சோதனையில் அவன் முழுதும் தேறினான்.

இப்பாடத்திற்குப் பலகையுமில்லை, கூலியுமில்லை. வினா குழந்தையிடமிருந்து பிறந்தது. விடை வேண்டிய பொழுதில் கிடைத்தது. கற்றது உண்மையாகவே பதிந்ததா என்று அறியத் தந்தை ஒரு வழி கண்டார். தனிப்பாடத்தின் சிறப்பு முழுவதும் இம்மூன்றில் அடங்கிவிடுகிறது.

இனி இரண்டாம் சிறுவன். 1861இல் ஜோராசாங்கோ மாளிகையில் பிறந்த இரவீந்திரநாதர். இவருக்கு ஆசிரியர்க்குக் குறைவில்லை. விடியுமுன் மல்யுத்தம், காலையில் நீலகமல் கோஷாலிடம் கணிதம் முதலிய பாடங்கள், பகலில் பள்ளி, அது முடிந்து வந்ததும் உடற்பயிற்சியும் ஓவியமும், மாலை விளக்கொளியில் அகோர் பாபுவிடம் ஆங்கிலம். ஆங்கில நூலைத் திறந்தவுடன் கண்கள் தாமே மூடிக்கொள்ளும். அகோர் பாபு மருத்துவக் கல்லூரி மாணவர். நோய் கண்டும் நின்றவரல்லர். பெருமழையில் தெரு நீரில் மூழ்கிய ஒரு மாலை, இன்று வரமாட்டார் என்று சிறுவன் மகிழ்ந்து நிற்கையில், தெருமுனையில் அந்தக் கறுப்புக் குடை தோன்றியதாம்!

இச்சிறுவன் தானும் ஆசிரியனாக விளையாடியதுண்டு. தாழ்வாரத்து மரக்கம்பிகளே மாணாக்கர். கையிலே பிரம்பு, அடி வாங்கி வாங்கி அக்கம்பிகள் நைந்துபோயின. பாடத்தைக் காட்டிலும் விரைவாக ஆசிரியரின் சினத்தைக் கற்றுக்கொண்டோம் என்று பிற்காலத்தில் அவரே வருந்தி எழுதினார். அருகில் ஆசிரியர் அமர்ந்திருப்பது மட்டும் போதாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயினும் அம்மாளிகையிலும் நல்லது நிகழ்ந்தது. ஆங்கிலமே கல்வி என்றிருந்த காலத்தில், தமையனார் ஹேமேந்திரநாதர் தாய்மொழியிலேயே முதலில் பயிற்ற வேண்டும் என்று துணிந்தார். 1873இல் தந்தை தேவேந்திரநாதர் மகனை இமயமலைக்கு அழைத்துச் சென்றார். டல்ஹௌசியில் குளிர்ந்த வைகறையில் வடமொழிப் பாடம். அதற்குரிய இலக்கணநூல் வித்தியாசாகரர் இயற்றியதே. மாலையில் விண்மீன்களைக் காட்டி வானநூல் விளக்கம். எஞ்சிய பொழுதில் மலைச்சரிவுகளில் தனியே திரிய உரிமை. தமது பொற்கடிகாரத்திற்குச் சாவி கொடுக்கும் பொறுப்பையும் மகனிடமே ஒப்படைத்தார். கற்பிப்பவர் குழந்தையை நம்பியபோது பாடம் இனித்தது.

இருவரும் தாம் பெற்றதைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. வீட்டு ஆசிரியரை அமர்த்தும் வசதி எத்தனை குடும்பங்களுக்கு உண்டு? 1855இல் வித்தியாசாகரர் ‘வர்ணபரிசயம்’ என்னும் அரிச்சுவடியை இரு பாகங்களாக வெளியிட்டார். வழக்கிழந்த எழுத்துகளை நீக்கி, வங்க நெடுங்கணக்கைப் பன்னிரண்டு உயிராகவும் நாற்பது மெய்யாகவும் ஒழுங்குசெய்தார். எழுத்தறிந்த தாயோ தமையனோ அந்நூலைக் கையில் கொண்டு ஆசிரியராக இயன்றது. இரவீந்திரர் 1901இல் சாந்திநிகேதனத்தில் ஒருசில பிள்ளைகளுடன் பள்ளி தொடங்கினார். 1930இல் நந்தலால் போசின் ஓவியங்களுடன் ‘சகஜ பாடம்’ என்னும் முதல்நூலை அளித்தார். கம்பிகளை அடித்த கை, குழந்தைகளுக்காகப் பாட்டெழுதியது.

நம் இல்லங்களிலும் மாலையில் விளக்கேற்றிப் பிள்ளையைப் பாடத்திற்கு அமர்த்துகிறோம். கண் சொக்கும் குழந்தையிடம் மேலும் ஒரு பக்கத்தைத் திணிப்பதற்குமுன், அன்று பகலில் அது கேட்ட கேள்வி எது, அதற்கு நாம் என்ன விடை கூறினோம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக. சியாகாலா வழியில் ஒரு தந்தை நின்று விடை சொன்னார், அக்கேள்வி வீண்போகவில்லை.