ஆற்றின் இரு கரைக்கும் சொந்தமானவர்

இரண்டு வருடங்களுக்கு முன் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம் இருக்கும் ஹல் நகரம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹம்பர் பாலத்தைக் காட்ட மாப்பிள்ளை காரில் அழைத்துப் போனார். ஊரை விட்டு வெளியேறும் பெரிய சாலையின் பெயர்ப் பலகையில் 'கிளைவ் சல்லிவன் வே' என்று இருந்தது.

"யாரு மாப்ளே இவரு? மேயரா?"

"இல்ல மாமா, ரக்பி பிளேயர். கறுப்பினத்தவர்."

அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முப்பத்து மூன்று வருடம் உடற்கல்வி ஆசிரியராக விசில் ஊதியவனுக்கு அது போதுமா? மறுநாளே பக்கத்து நூலகத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். அங்கே படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். ரக்பியில் யூனியன், லீக் என்று இரண்டு வகை உண்டு. இரண்டும் ஒரே வீடாக இருந்து பாகம் பிரிந்தவை, பிரிந்ததற்குக் காரணம் கூலி. வட இங்கிலாந்தின் ஆட்டக்காரர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள், சுரங்கத் தொழிலாளர்கள். சனிக்கிழமை ஆடப் போனால் அரைநாள் சம்பளம் போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்டப் பணம் கொடுக்கலாமா என்பதுதான் சண்டை. கூடாது என்றது தலைமை. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்கத்திய கிளப்புகள் தனிக்கடை போட்டுவிட்டன. அதுதான் பின்னாளில் ரக்பி லீக் ஆயிற்று.

லீக் ஆட்டத்தில் ஒரு பக்கம் 13 பேர். பந்தோடு ஓடுபவனைப் பிடித்துக் கீழே தள்ள வேண்டும். பிடிபட்டவன் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். இன்றைய விதிப்படி ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். நம் கபடியைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமே இல்லை. எதிரியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அது 'ட்ரை'. அந்தக் காலத்தில் அதற்கு 3 புள்ளி. ஓரத்தில் நின்று, பந்து கைக்கு வந்ததும் பறப்பவன் 'விங்' ஆட்டக்காரன். சல்லிவன் அந்த இடத்தில்தான் ஆடினார்.

அவர் 1943 ஏப்ரல் 9 அன்று, வேல்ஸ் நாட்டின் துறைமுக நகரமான கார்டிஃபில் ஸ்ப்ளாட் என்ற தொழிலாளர் பகுதியில் பிறந்தார். சிறு வயதில் கால்களிலும் தோளிலும் பல அறுவை சிகிச்சைகள். இவன் சாதாரணமாக நடப்பதே சந்தேகம், விளையாட்டை மறந்துவிட வேண்டியதுதான் என்பது டாக்டர்களின் முடிவு.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1980-களில் என்னிடம் ஒரு பையன் இருந்தான். ஒரு கால் கொஞ்சம் மெலிந்திருக்கும், லேசாகச் சாய்ந்து நடப்பான். கபடி அணிக்குப் பெயர் கொடுக்க வந்தவனிடம், "நீ வேப்பமரத்தடியில உக்காந்து ஸ்கோர் எழுதுடா" என்றேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். மூன்று வருடம் ஒரு தப்பில்லாமல் எழுதினான். அவன் ஓடுவானா என்று ஒரு நாள்கூட ஓடவிட்டுப் பார்க்கவில்லை.

சல்லிவனின் கதைக்கு வருகிறேன். பதினேழு பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். பழைய அறுவை சிகிச்சைகளைப் பற்றி அங்கே வாய் திறக்கவில்லை. ஒரு நாள் படைப்பிரிவுகளுக்குள் ரக்பி போட்டி. வேல்ஸ்காரன் என்றால் ரக்பி தெரிந்திருக்கும் என்று இவரைச் சேர்த்துவிட்டார்கள். மறுத்தால் கால் விஷயம் வெளியே வந்துவிடும், வேலைக்கே ஆபத்து. ஆட்டத்தில் அடிபட்டதுபோல நடித்து வெளியேறிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டு இறங்கினார். பந்து கைக்கு வந்தது. ஓடினார். யாராலும் பிடிக்க முடியவில்லை.

1961 டிசம்பரில் ஹல் கிளப் அவரைச் சோதித்துப் பார்க்க அழைத்தது. பெயரைச் சொல்லாமலேயே களத்தில் இறக்கினார்கள். பிராம்லி அணிக்கு எதிரான அந்த ஆட்டத்தில் மூன்று ட்ரை. உடனே ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். 1963-ல் கார் விபத்தில் பலத்த காயம், ஆனாலும் திரும்பி வந்துவிட்டார்.

கார்டிஃபில் பிறந்த கறுப்பின இளைஞர்கள் ஏன் வடக்கே போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வேல்ஸின் யூனியன் தேசிய அணியில் ஒரு கறுப்பின வீரர் ஆடுவதற்கு 1980-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சல்லிவனுக்கு முன்பே பில்லி பாஸ்டன் கார்டிஃபிலிருந்து விகன் கிளப்புக்குப் போய்ப் பெரிய பெயர் எடுத்திருந்தார். சொந்த ஊரில் கிடைக்காத இடமும் கூலியும் அங்கே கிடைத்தன.

1968-ல் இனாக் பவல் என்ற அரசியல்வாதி குடியேறியவர்களுக்கு எதிராகப் பேசிய பேச்சு நாட்டையே கலக்கியது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். நான்கே வருடம் கழித்து, 1972-ல், பிரிட்டிஷ் ரக்பி லீக் அணியின் கேப்டனாக உலகக் கோப்பைக்குப் போனவர் சல்லிவன். எந்த விளையாட்டிலும் பிரிட்டனின் தேசிய அணிக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவரே என்று சொல்கிறார்கள்.

இறுதி ஆட்டம் நவம்பர் 11 அன்று பிரான்சின் லியோன் நகரில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நடந்தது. தம் அணியின் பாதி மைதானத்தில் பந்தை வாங்கிய சல்லிவன், ஓரக்கோட்டை ஒட்டியே ஓடி எதிரியின் கோட்டைத் தாண்டினார். கடைசிக் கட்டத்தில் மைக் ஸ்டீஃபன்சன் போட்ட ட்ரையும், டெரி கிளாசன் உதைத்த உதையும் கணக்கைச் சமன் செய்தன. 10–10. கூடுதல் நேரத்திலும் முடிவில்லை. முன்சுற்றில் முதலிடம் பிடித்திருந்ததால் கோப்பை பிரிட்டனுக்கு. அரங்கில் இருந்தவர்கள் நாலாயிரத்துச் சொச்சம் பேர்தான். நம் ஊர்த் திருவிழாக் கபடிக்கே அதைவிடக் கூட்டம் வரும்! நாடு பெரிதாகக் கொண்டாடவில்லை.

ஆனால் ஹல் ஊர் கொண்டாடியது. அந்த ஊரை ஹல் ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே, மீன்பிடித் தொழிலாளர் பக்கம், ஹல் எஃப்.சி. கிளப், கறுப்பு வெள்ளைச் சட்டை. கிழக்கே ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ், சிவப்பு வெள்ளை. மாமன் மச்சானே அந்த ஒரு நாளைக்குப் பேசிக்கொள்ள மாட்டார்கள். 1980-ல் லண்டன் வெம்ப்ளியில் இந்த இரண்டு கிளப்பும் கோப்பைக்கு மோதியபோது ஊரே கிளம்பிப் போனது. 'கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிடுங்கள்' என்று யாரோ சாலையோரத்தில் பலகை எழுதி வைத்தார்கள். ரோவர்ஸ் 10–5 என்று ஜெயித்தது.

சல்லிவன் அப்போது ரோவர்ஸில் இருந்தார். மேற்குக் கரைக்கு 352 ஆட்டங்களில் 250 ட்ரை அடித்துவிட்டு, 1974-ல் ஆற்றைத் தாண்டிப் போனவர். கிழக்குக் கரைக்கும் 118 ட்ரை அடித்தார். கட்சி மாறியவரை மன்னிக்காத ஊர், இவரை மட்டும் இரண்டு பக்கமும் 'எங்க ஆளு' என்றது. பிறகு பழைய கிளப்புக்கே திரும்பினார். 1982-ல் கோப்பை இறுதி ஆட்டம் சமனாகி, லீட்ஸில் மறு ஆட்டம் நடந்தபோது, 39 வயதில் களமிறங்கினார். ஹல் 18–9 என்று ஜெயித்தது.

1985 அக்டோபர் 8 அன்று புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. வயது 42. அவருடைய மகன் ஆன்டனியும் பின்னாளில் இதே ஆட்டத்தில் பெயர் எடுத்தார்.

அவர் மறைந்தபின், மேற்கே ஹம்பர் பாலத்தை நோக்கிப் போகும் பெரிய சாலைக்கு அவர் பெயரை வைத்தார்கள். வெம்ப்ளிக்குப் போனவர்களுக்காக அந்தப் பலகை நின்றதும் அதே ஏ63 சாலையில்தான். பிறந்த ஊரான கார்டிஃப் 2023-ல், பில்லி பாஸ்டன், கஸ் ரிஸ்மன் ஆகியோரோடு சேர்த்து அவருக்கும் சிலை வைத்தது. அவர் இறந்து ஏறக்குறைய 38 வருடம் ஆகியிருந்தது.

ஊர் திரும்பும் நாளன்றும் அந்தச் சாலை வழியாகத்தான் போனோம். இந்த முறை மாப்பிள்ளைக்கு நான் கதை சொன்னேன். வேப்பமரத்தடிப் பையனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவனுக்கு இப்போது ஐம்பத்தைந்து வயதாவது இருக்கும். எங்கே இருக்கிறான் என்று தெரியாது. இதைப் படிக்க நேர்ந்தால், ஐயா, உன்னை ஒரு முறை ஓடவிட்டுப் பார்த்திருக்க வேண்டும். தப்பு என் மேல்தான்.